தகரப் பெட்டிக்குள் ஒரு வீடு

தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டை ஒட்டிய சந்துகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் வீட்டுக்கு ஒரு தகரப் பெட்டி இருக்கும். கட்டில் இருந்தால் கட்டிலுக்கு அடியில் இருக்கும். கட்டில் இல்லாத வீட்டில் பரண் மேல் இருக்கும். அதில் நகையும் இல்லை, பணமும் இல்லை. பழைய ரேஷன் கார்டு, மங்கிப்போன போட்டோ பாஸ், மின்சார ரசீதுகள், வாக்காளர் பட்டியல் நகல், பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சான்றிதழ் ஆகியவைதான் இருக்கும். மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தால் முதலில் தலைக்கு மேலே ஏறுவது அந்தப் பெட்டிதான்.

காரணம் இல்லாமல் இல்லை. மும்பையில் ஏழையின் வீடு ஒரு தேதியில் தொடங்குகிறது. "இந்தத் தேதிக்கு முன்பே நீ இங்கு இருந்தாயா? இருந்தாய் என்பதற்கு என்ன காகிதம் வைத்திருக்கிறாய்?" என்ற கேள்விக்குப் பதில் அந்தப் பெட்டியில் இருக்கிறது. பதில் இருந்தால் வீடு. இல்லாவிட்டால் வீதி.

இந்தத் தேதியை யார் வைத்தார்கள்? எதற்காக வைத்தார்கள்? ஒரு மாநில அரசு மக்களுக்கு வீட்டைப் பங்கிடும்போது என்ன கணக்குப் போடுகிறது? மும்பையில் பிழைக்க வந்த ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

மூன்று கேள்விகள்

வீட்டு வசதித் திட்டம் தீட்டும் எந்த அரசும் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். எத்தனை வீடு வேண்டும்? அதை யாருக்குக் கொடுப்பது? எங்கே கட்டுவது?

முதல் கேள்விக்குப் பதில் காண மராட்டியத்தில் அமைப்புகளுக்குப் பஞ்சமில்லை. 1948ல் பம்பாய் வீட்டு வசதி வாரியம் ஏற்பட்டது. 1970ல் கடலுக்கு அப்பால் நவி மும்பையை அமைக்க 'சிட்கோ' நிறுவனம் தொடங்கப்பட்டது. பம்பாயையும் சுற்றுப்புற ஊர்களையும் ஒரே வட்டாரமாகக் கருதித் திட்டமிட 1975ல் பெருநகர வளர்ச்சி ஆணையம் வந்தது. 1977ல் பழைய வாரியங்களை ஒன்றாக்கி 'மகாடா' எனப்படும் வீட்டு வசதி ஆணையம் அமைக்கப்பட்டது. குடிசைகளுக்கென்று தனியாக எஸ்.ஆர்.ஏ. எனப்படும் குடிசை சீரமைப்பு ஆணையம் 1995ல் உருவாயிற்று.

அமைப்புகள் இருந்தால் போதாது, நிலம் வேண்டும். அதற்கும் சட்டங்கள் வந்தன. 1976ல் வந்த நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டப்படி, பம்பாயில் ஒருவர் 500 சதுர மீட்டருக்கு மேல் காலி மனை வைத்திருக்கக் கூடாது. மிச்சத்தை அரசு எடுத்து ஏழைகளுக்கு வீடு கட்டலாம் என்பது நோக்கம். ஆனால் அதே சட்டத்தில் விதிவிலக்கு கேட்கவும் வழி இருந்தது. நிலம் வைத்திருந்தவர்கள் அந்த வழியில் போனார்கள். மராட்டிய அரசு 2007ல் அந்தச் சட்டத்தையே கைவிட்டது.

மூடப்பட்ட பஞ்சாலைகளின் கதையும் இப்படித்தான். ஆலை நிலத்தை விற்கும்போது மூன்றில் ஒரு பங்கு மாநகராட்சிக்கு, ஒரு பங்கு மகாடாவுக்கு, ஒரு பங்கு ஆலை முதலாளிக்கு என்று 1991ல் விதி செய்யப்பட்டது. 2001ல் விதி திருத்தப்பட்டது. கட்டடம் இல்லாத காலி இடத்தில் மட்டுமே இந்தப் பங்கீடு என்றானது. ஆலை என்றால் பெரும்பகுதி கட்டடம்தானே! பொதுமக்களின் பங்கு சுருங்கிவிட்டது. இந்தத் திருத்தம் செல்லும் என்று 2006ல் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்புக் கூறியது. வீடு கேட்டு மனுச் செய்த ஆலைத் தொழிலாளர்களும் வாரிசுகளும் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர். அவர்களுக்கான வீடுகளையும் 2012 முதல் குலுக்கல் போட்டுத்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

2013ல் இன்னொரு விதி வந்தது. பெரிய நகரங்களில் 4,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் வீடு கட்டும் கம்பெனிகள் 20 சதவீதத்தை ஏழைகளுக்கும் குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கும் ஒதுக்க வேண்டும் என்பது அந்த விதி.

'எத்தனை வீடு' என்பதற்கு இப்படிப் பல கணக்குகள். கணக்குப் பெரிது, கையில் கிடைத்தது சிறிது. அதனால்தான் 'யாருக்கு' என்ற இரண்டாவது கேள்வி இவ்வளவு கடுமையாகிவிட்டது.

1976ல் ஒரு கணக்கெடுப்பு

1976 ஜனவரியில் பம்பாய்க் குடிசைகளில் கணக்கெடுப்பு நடந்தது. குடிசைகளுக்கு எண் போடப்பட்டது. குடும்பத்தைப் படம் எடுத்து 'போட்டோ பாஸ்' என்ற அடையாள அட்டை கொடுத்தார்கள். அன்று வேலைக்கோ ஊருக்கோ போயிருந்தவன், காகிதம் கைக்கு வராதவன், அடுத்த மாதம் ரெயிலில் வந்து இறங்கியவன் எல்லாரும் கணக்குக்கு வெளியே நின்றார்கள்.

கணக்குக்குள் வந்தவர்களுக்கும் அதனால் நிம்மதி வந்துவிடவில்லை. அதே ஆண்டு மே மாதம், நெருக்கடி நிலை அமலில் இருந்த சமயம், டிராம்பே அணுசக்தி நிலையத்துக்கு அருகில் இருந்த ஜனதா காலனி அப்புறப்படுத்தப்பட்டது. அங்கு வசித்தவர்கள் சுமார் 70 ஆயிரம் பேர். முன்பு நகருக்குள்ளிருந்து கிளப்பி அங்கே கொண்டுபோய் வைக்கப்பட்டவர்கள் அவர்களில் ஏராளம். மறுபடியும் கிளப்பி, சற்றுத் தள்ளி இருந்த இடத்தில் விட்டார்கள். அதுதான் இன்றைய சீத்தா கேம்ப். தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த பகுதி.

ஜனதா காலனி மக்களுக்காகப் போராடியவர் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழரான ஜோக்கின் அற்புதம். 1963ல் பம்பாய்க்கு வந்த தச்சுத் தொழிலாளி. காலனியில் குப்பை அள்ள ஆள் வராதபோது, சிறுவர்களைச் சேர்த்துக்கொண்டு குப்பையைச் சுமந்துபோய் மாநகராட்சி அலுவலகத்தின் முன்னால் கொட்டியவர். தேசியக் குடிசைவாசிகள் சம்மேளனத்தை உருவாக்கிய அவருக்கு 2000ல் மகசேசே விருதும், 2011ல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தன. 2018ல் காலமானார். ஜனதா காலனியைக் காப்பாற்ற முடியாமல் போனதில் அவர் கற்ற பாடம் ஒன்று உண்டு. அது பின்னால் வருகிறது.

சேலத்துத் தொழிலாளி

1981 ஜூலையில் நடைபாதைவாசிகளைப் பம்பாயை விட்டே வெளியேற்ற மாநில அரசு முடிவு செய்தது. பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸ் பெயரால் வழங்கும் புகழ்பெற்ற வழக்கு அப்போது எழுந்தது. அந்த வழக்கில் அவருடன் மனுச் செய்தவர்களில் ஒருவர் தமிழர்.

சேலத்தைச் சேர்ந்த நிலமற்ற விவசாயக் கூலி அவர். வறட்சியால் வேலை போய் 1961ல் பம்பாய்க்கு வந்தார். தகிசரில் ஒரு ரசாயனக் கம்பெனியில் தினக்கூலி 23 ரூபாய். நெடுஞ்சாலை ஓரத்து நடைபாதையில் பிளாஸ்டிக் தாளும் கித்தானும் கட்டிய ஒரு மறைப்புக்கு, பேட்டை ரவுடி ஒருவன் அவரிடம் பறித்த தொகை 2,500 ரூபாய். 1981 ஜூலை 23ந் தேதி அதுவும் இடிக்கப்பட்டது. மனைவி, மூன்று பெண் குழந்தைகளோடு அவரைச் சேலத்துக்குப் பஸ் ஏற்றி அனுப்பினார்கள். மனைவியும் மக்களும் ஊரில் தங்கிவிட்டார்கள். அவர் மட்டும் திரும்பி வந்து மறுபடியும் நடைபாதையில் இடம் பிடித்தார். ஊரில் வேலை இல்லை. வேறு என்ன செய்வார்? இவை அனைத்தும் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பிலேயே பதிவான விவரங்கள்.

1985 ஜூலை 10ந் தேதி தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையில் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். அவர்களில் ஒருவர் தமிழகத்தைச் சேர்ந்த நீதிபதி வரதராசன். உயிர் வாழும் உரிமையில் பிழைப்பு நடத்தும் உரிமையும் அடங்கும் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. நாடே பாராட்டியது. ஆனால் நடைபாதையில் குடியிருக்க யாருக்கும் உரிமை இல்லை என்றும் அதே தீர்ப்பு கூறியது. 1976 கணக்கெடுப்பில் அடையாள அட்டை பெற்றவர்களுக்கு மாற்று இடம் தரவேண்டும். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருந்து வசதிகள் செய்யப்பட்ட குடிசைப் பகுதிகளைப் பொதுக் காரியத்துக்குத் தேவைப்பட்டாலொழிய அகற்றக் கூடாது என்றும் உத்தரவாயிற்று.

காகிதம் உள்ளவனுக்கு மாற்று இடம், இல்லாதவனுக்குக் கருணை மொழி! தகரப் பெட்டியின் மதிப்பு அன்றைக்கே கூடிவிட்டது.

நகரும் தேதி

1976 என்று இருந்த கெடு பிறகு 1980 ஆயிற்று. அப்புறம் 1985. அதன் பிறகு 1995 ஜனவரி 1. அடுத்து 2000 ஜனவரி 1. தேர்தல் வரும் சமயங்களில் தேதியும் நகர்ந்தது. 2000க்கும் 2011க்கும் இடையில் வந்தவர்கள் பணம் கட்டினால் வீடு பெறலாம் என்று பின்னர் முடிவாயிற்று. அந்தத் தொகை இரண்டரை லட்சம் ரூபாய் என 2023ல் நிர்ணயிக்கப்பட்டது.

1995ல் பதவிக்கு வந்த அரசு, 40 லட்சம் குடிசைவாசிகளுக்கு இலவச வீடு என்று அறிவித்தது. அரசு பணம் போடாது. நிலத்தின் ஒரு பகுதியில் கட்டடக் கம்பெனி குடிசைவாசிகளுக்கு இலவசமாக வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். மிச்சப் பகுதியில் கட்டும் வீடுகளை வெளிச் சந்தையில் விற்று லாபம் பார்த்துக்கொள்ளலாம். அப்போது 225 சதுர அடியாக இருந்த இலவச வீடு, பிறகு 269 ஆகி, 300 சதுர அடி ஆனது.

திட்டம் நல்லதுதான். ஆனால் நிலத்தின் விலை எங்கே உயர்வோ அங்கேதான் கம்பெனி வரும். எந்தக் குடிசைக்கு அதிகத் தேவை என்பதை அது பார்ப்பதில்லை. சொன்ன ஐந்தாண்டுகளில் சொன்ன கணக்கில் மிகச் சிறு பங்கே நிறைவேறியது.

தேதி செய்யும் வேலையைப் பாருங்கள். ஒரே சந்தில் அண்ணனும் தம்பியும் குடியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அண்ணனிடம் 1999ம் ஆண்டு ரசீது இருக்கிறது. அவர் வீட்டுக்கு உரியவர். ஊரிலிருந்து ஒன்றரை வருஷம் கழித்து வந்த தம்பி இரண்டரை லட்சம் தேட வேண்டும். அதே சந்தில் வாடகைக்கு இருப்பவர் நிலைமை இன்னும் மோசம். மின்சார ரசீது வீட்டுக்காரர் பெயரில் வருகிறது. பதினொரு மாத ஒப்பந்தமும் பலரிடம் கிடையாது. இருபது வருஷம் இருந்தாலும் அவர் 'நேற்று வந்தவர்'தான்.

தண்டவாளம் சொன்ன பாடம்

தேதியை வேறு விதமாகவும் வைக்கலாம் என்பதற்கு மும்பையிலேயே சாட்சி இருக்கிறது. மின்சார ரெயில் பாதைகளை ஒட்டி ஆயிரக்கணக்கான குடிசைகள் இருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் ரெயிலை மெதுவாகத்தான் ஓட்ட முடிந்தது. பயணிகளுக்கும் தொல்லை, குடிசைவாசிகளுக்கும் உயிராபத்து. உலக வங்கிக் கடனுதவியுடன் பாதைகளைப் பெருக்கும் திட்டம் வந்தபோது, அங்கிருந்த குடும்பங்களை அப்புறப்படுத்த வேண்டியிருந்தது.

ஜோக்கின் கற்ற பாடம் இங்கேதான் உதவியது. அரசாங்கம் எண்ணுவதற்கு முன்னால் நம்மை நாமே எண்ணிக்கொள்ள வேண்டும் என்பதுதான் அந்தப் பாடம். அவருடைய சம்மேளனமும், பெண்கள் அமைப்பான மகிளா மிலனும், 'ஸ்பார்க்' என்ற தொண்டு நிறுவனமும் சேர்ந்து வீடு வீடாகக் கணக்கெடுத்தன. படம் வரைந்தன. எண் போட்டன. இந்தத் திட்டத்தில் கணக்கெடுப்பு நடந்த நாளே கெடு நாளாக ஏற்கப்பட்டது. 1995க்கு முன் வந்தாயா, பின் வந்தாயா என்று பார்க்கவில்லை. பல்லாயிரம் குடும்பங்கள் தண்டவாளத்தை விட்டு மாடி வீடுகளுக்குப் போயின. ரெயில்களும் வேகம் பிடித்தன.

ஆக, தேதி என்பது கல்லில் வெட்டிய எழுத்தல்ல. அவசரம் அரசுக்கு இருந்தால் தேதியும் வளையும்.

மாதச் சம்பளக்காரர் நிலை

குடிசையில் இல்லாத குமாஸ்தாக்களுக்கும் சிறு உத்தியோகஸ்தர்களுக்கும் மகாடா குலுக்கல்தான் நம்பிக்கை. 2023ல் மும்பையில் 4,082 வீடுகளுக்குக் குலுக்கல் நடந்தது. மனுச் செய்தவர்கள் சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் பேர். ஏறக்குறைய 29 பேருக்கு ஒரு வீடு. 2024ல் 2,030 வீடுகள், சுமார் 1 லட்சத்து 13 ஆயிரம் மனுக்கள். ஏறக்குறைய 56 பேருக்கு ஒரு வீடு!

மனுதாரர்கள் வருமானப்படி பிரிக்கப்படுகிறார்கள். 2022ல் செய்த திருத்தப்படி, மும்பை வட்டாரத்தில் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 6 லட்சம் வரை இருந்தால் நலிந்த பிரிவு. 9 லட்சம் வரை குறைந்த வருமானப் பிரிவு. 12 லட்சம் வரை நடுத்தரப் பிரிவு. அதற்கு மேல் உயர் வருமானப் பிரிவு.

ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் பங்கீடு உண்டு. தாழ்த்தப்பட்டோருக்கு 11 சதவீதம், பழங்குடியினருக்கு 6 சதவீதம், மற்றும் முன்னாள் ராணுவத்தினர், பத்திரிகையாளர், கலைஞர், உடல் ஊனமுற்றோர், மாநில அரசு ஊழியர் என்று பல பங்குகள். ஏறத்தாழ பாதி வீடுகள் பொதுப் பிரிவுக்கு. மத்திய அரசு குவார்ட்டர்சில் குடியிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கும் மூன்று ஆண்டுக்குள் ஓய்வு பெற இருப்பவர்களுக்கும் 2 சதவீதம் உண்டு. ரெயில்வே குவார்ட்டர்சில் முப்பது வருஷம் இருந்துவிட்டு, ஓய்வு பெறும் நாளில் சாமான்களை எங்கே இறக்குவது என்று திகைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இங்கும் காகிதம் குறுக்கே நிற்கிறது. மனுதாரர் 15 ஆண்டுகள் மராட்டியத்தில் வசித்ததற்கான இருப்பிடச் சான்றிதழ் வேண்டும். சாதிச் சான்றிதழில் இன்னொரு சிக்கல். ஒரு மாநிலத்தில் தாழ்த்தப்பட்டவர் பட்டியலில் உள்ளவர், பிழைப்புக்காக வேறு மாநிலம் போனால், அங்கே அந்தச் சலுகையைக் கோர முடியாது என்று 1990ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருக்கிறது. தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியை உருவாக்கியவர்களில் பெரும் பகுதியினர் தாழ்த்தப்பட்ட மக்கள். ஊர்ச் சான்றிதழை மட்டும் கையில் வைத்திருப்பவர் இங்கே பொதுப் பிரிவில்தான் நிற்க வேண்டும்.

எங்கே வீடு?

மூன்றாவது கேள்விதான் பலரும் கவனிக்கத் தவறுவது. வீடு கிடைத்தால் போதுமா? வேலை எங்கே, பள்ளிக்கூடம் எங்கே, ஆஸ்பத்திரி எங்கே?

தான்சா குடிநீர்க் குழாய் ஓரத்திலிருந்து 2017ல் அகற்றப்பட்ட குடும்பங்களை மாகுலில் குடியேற்றினார்கள். பெயருக்கு மாடி வீடுகள். பக்கத்தில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள். அந்தப் பகுதியின் காற்று மாசு பற்றி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015லேயே எச்சரித்திருந்தது. மக்களை அங்கே வசிக்கும்படி கட்டாயப்படுத்த முடியாது; வேறு வீடு கொடுங்கள், இல்லையேல் மாதம் 15 ஆயிரம் ரூபாய் வாடகை கொடுங்கள் என்று 2019ல் மும்பை ஐகோர்ட்டு உத்தரவிட்டது. கணக்குப் புத்தகத்தில் அவர்கள் அனைவரும் 'வீடு பெற்றவர்கள்'தான்!

இதே கேள்வி தாராவியின் வாசலிலும் வந்து நிற்கிறது. 2022 நவம்பரில் சீரமைப்புத் திட்டம் அதானி குழுமத்தின் 5,069 கோடி ரூபாய் டெண்டருக்குப் போயிற்று. அறிவிக்கப்பட்ட விதிப்படி தாராவி மக்கள் மூன்று தரமாகிறார்கள். 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். 2000க்கும் 2011க்கும் இடைப்பட்டவருக்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, இரண்டரை லட்சம் ரூபாய்க்கு. 2011க்குப் பின் 2022 நவம்பர் 15 வரை வந்தவருக்கும், மேல்தளத்தில் இருப்பவருக்கும் தாராவிக்கு வெளியே வாடகை அல்லது தவணை முறையில் வீடு.

வெளியே என்றால் எங்கே? முலுண்டு, பாண்டுப், காஞ்சூர்மார்க் உப்பள நிலங்களும், தேவ்னார் குப்பைமேட்டு நிலமும் 2024ல் இதற்காக ஒதுக்கப்பட்டன. 'எங்கள் பகுதியில் வேண்டாம்' என்று முலுண்டிலும் குர்லாவிலும் குடியிருப்போர் எதிர்ப்புக் காட்டினர். தாராவியில் தோல் பையும் பானையும் பலகாரமும் வீட்டுக்குள்ளேயே தயாராகின்றன. கீழே பட்டறை, மேலே படுக்கை. மேல்தளத்துக்காரர் ஓரிடம், கீழ்த்தளத்துக்காரர் வேறிடம் என்று பிரித்துவிட்டால் இட்லி சுட்டு விற்கும் அம்மாவும், அவர் கையால் வாங்கித் தின்று பட்டறைக்குப் போகும் பையனும் எங்கே சந்திப்பார்கள்? அது எந்தக் கணக்கிலும் வரவில்லை.

செய்ய வேண்டியது

அரசுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். தேதியை வைத்துவிட்டு ஆளைத் தேடாமல், ஆளை எண்ணிவிட்டுத் தேதியை வையுங்கள். தண்டவாளத்து ஓரத்தில் அது முடிந்தது. மற்ற இடங்களில் ஏன் முடியாது? வாடகைக்கு இருப்பவனையும் எண்ணுங்கள். மேல்தளத்தில் இருப்பவனையும் எண்ணுங்கள். அவன் பிழைக்கும் இடத்தையும் சேர்த்து எண்ணுங்கள்.

தமிழர்கள் செய்ய வேண்டியதும் உண்டு. ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல் இரண்டிலும் பெயர் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தகப்பன் பெயர் ஓரிடத்தில் முன்னும் ஓரிடத்தில் பின்னும் வந்து, ஒரே ஆள் காகிதத்தில் இரண்டு ஆளாகித் திண்டாடுவது தமிழர்களுக்கு வாடிக்கை. இருப்பிடச் சான்றிதழை அவசரம் வருமுன்பே வாங்கிக்கொள்ளுங்கள். வாடகைக்கு இருப்பவர்கள் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யக் கூச்சப்படாமல் கேளுங்கள். கணக்கெடுக்க ஆள் வரும் நாளில் வீட்டில் ஒருவராவது இருங்கள். அன்று போகும் அரை நாள் கூலி பெரிதல்ல. புரோக்கர் பேச்சை நம்பிக் காகிதத்தின் அசலைக் கொடுத்துவிடாதீர்கள். நகல் கொடுத்தால் போதும்.

மழை வருவதற்கு முன்பே அந்தத் தகரப் பெட்டியை ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள். கரையான் அரித்திருந்தால் ரேஷன் கார்டோடு வீடும் போகும்.